வண்டி தூங்குது, சத்தம் போடாதீக

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பினால், "நான் எங்கே தூங்கினேன், சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்பார். உலகத்தில் எல்லோரும் சொல்கிற பொய் இது. வண்டிகள் இதற்கு நேர்மாறான பொய்யைச் சொல்லும். சாவியை எடுத்து, பூட்டிவிட்டு வந்தால் அசந்து தூங்குவது போலக் கிடக்கும். உள்ளே முழித்துக்கொண்டு கிடக்கும்.

இந்தக் காலத்து வண்டிகளில் என்ஜினுக்கு ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, கதவுப் பூட்டுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று பல பெட்டிகள் இருக்கின்றன. வண்டியைப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கி, தூங்கிப்போக வேண்டும். அப்புறம் பேட்டரியிலிருந்து கரண்ட் இழுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். தூங்காமல் அடம்பிடித்தால், காலையில் பேட்டரி இறங்கிப் போயிருக்கும். இதை நான் ஒரு சித்திரை மாதத்தில், அச்சங்குளத்தில் என் மாமனார் வீட்டு வாசலில், ஊரே வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். டிப்ளமோ படித்தவன். மிஷின் நின்றால் ஓட வைத்துவிடுவேன். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் நின்றுவிடுவேன், அதுதான் என் பிரச்சினை. வர்ண வர்ணமாகத் தாள் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விடுவேன். அருவிப் படம் அச்சாகும் நாளில் குளிருகிற மாதிரியே இருக்கும். (மேனேஜர் வந்து தோளைத் தொட்டால் திடுக்கிட்டு ஒரு சுவிட்சை அமுக்குவேன். அது எந்த சுவிட்சாகவும் இருக்கலாம்.)

அப்படி ஒரு கனவில்தான் அந்த வேனை வாங்கினேன். முன்பு அதை வைத்திருந்தவர் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர். பின் சீட்டுகளை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு பேட்டரி. முன்னால் இருக்கும் பேட்டரி வண்டியைக் கிளப்புவதற்கு. பின்னால் இருப்பது விசிறியும் விளக்கும் ஓட. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே. என்ஜின் ஓடும்போது அது இரண்டையும் சேர்த்துவைத்து சார்ஜ் ஏற்றும், என்ஜினை நிறுத்தினால் பிரித்துவிடும். பின்னால் எவ்வளவு நேரம் விசிறி ஓடினாலும் முன் பேட்டரிக்கு ஒரு பாதகமும் வராது. (ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்துக்கொள்வது மாதிரி என்று அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, விளக்கினேன். அத்தைக்கு அந்த வண்டியை அப்போதே பிடிக்காமல் போய்விட்டது.)

குறைகள் இருந்தன. டேஷ்போர்டில் கதவு திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு எரியாது. பின் கதவில் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது; கட்டிலுக்கு ஏறி இறங்க இருந்தது அந்த ஒரு கதவுதான். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் மனசில் அந்த வண்டி ஏற்கெனவே கடலோரம் நின்றுகொண்டிருந்தது. பின் கட்டிலில் முத்துலட்சுமி தூங்கிக்கொண்டிருப்பாள், பக்கத்தில் குழந்தை, தலைக்கு மேலே விசிறி, வெளியே அலை.

முத்துலட்சுமி என் மனைவி. அப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் என்பதால் அச்சங்குளத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரி சாத்தூரில். பிரஸ்ஸில் வேலை குறைவான காலம் என்பதால் நானும் லீவு போட்டுவிட்டு வேனோடு வந்து இறங்கினேன். மாமா ஏற்கெனவே பக்கத்துத் தெருவில் ஒரு காரைச் சொல்லி வைத்திருந்தார். நான் அந்தக் கார்க்காரரை நேரில் பார்த்து, "நீங்க வேற சவாரி பாருங்கண்ணே, நம்ம வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தை ஆம்புலன்ஸ் என்று ஆரம்பித்தபோது, "அது வர்றதுக்குள்ள நாம போயி, புள்ளைய வாங்கிட்டுத் திரும்பிருவோம் அத்தை" என்றேன். என் பிள்ளை உலகத்துக்கு வரும் வழி என் வண்டியில்தான் என்று எழுதாத குறையாக ஊருக்கே சொல்லி வைத்துவிட்டேன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறைக்குப் பல கதவுகள், தீப்பிடித்தால் ஓடித் தப்பிக்க. எல்லாம் வெளிப்பக்கம் பார்த்துத் திறப்பவை. வேலை நடக்கும்போது ஒரு கதவைக்கூடச் சாத்தக் கூடாது. எந்தக் கதவுக்கு முன்னாலும் ஒரு அட்டைப் பெட்டி கிடக்கக் கூடாது. பணிக்காலம் முழுக்க மாமா அறை அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். வீட்டிலும் அவர் போன வழியெல்லாம் கதவுகள் திறந்தே கிடக்கும். கோழி அடுப்படிக்கு வரும், அத்தை திட்டுவார், மாமா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வேன் வந்த அன்றைக்கே அதைச் சுற்றி வந்து பார்த்தார். என்ஜினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. பின் கதவுக்குப் போனார்.

"மாப்பிள்ளை, இதுக்கு உள்ள கைப்பிடி இல்லையே."

"அப்புறம் மாட்டிக்கிடலாம் மாமா."

"உள்ள இருக்க ஆளு எப்படித் திறக்கும்?"

"வெளிய நாமதான இருக்கோம்."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சித்திரை வெயிலில் மத்தியானம் ஆனால் கரண்டும் போய்விடும். வீட்டுக்குள் முத்துவால் படுக்க முடியாது. வேப்பமரத்து நிழலில் நின்ற வேனுக்குள் ஏறி, ஜன்னலை இறக்கிவிட்டு, பின் பேட்டரியில் விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். எனக்குக் கயிற்றுக் கட்டில் மரத்தடியில். கரிசல் காட்டின் மேல் கானல் அசைந்துகொண்டிருக்கும். எங்கேயோ ஒரு கம்பெனியில் வெடி சோதித்துப் பார்ப்பார்கள், அது வந்து சேரும்போது யாரோ தலையணையைத் தட்டுவது போலத்தான் கேட்கும். விசிறி ஓடும். வேப்பம்பூ கூரை மேல் விழும். நான் கடற்கரைக்குப் போய்விடுவேன். அவ்வளவு சுகமாக அதற்கு முன்னும் பின்னும் நான் இருந்ததில்லை.

வந்த மறுநாள் காலையில் சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. இன்னொரு தடவை. 'டிக், டிக்.' முன் பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

பதறவில்லை. பின் பேட்டரியிலிருந்து முன் பேட்டரிக்கு அவசரத்துக்குப் போடுகிற தடித்த கேபிள் ஒன்று வண்டியோடு வந்திருந்தது. அதைப் போட்டு உடனே கிளப்பினேன். "பாத்தியா, ரெண்டு பேட்டரி இருக்கதோட அருமை" என்றேன் முத்துவிடம்.

"ரெண்டு இருந்தும் ஒண்ணு செத்துத்தான கெடந்துச்சு" என்றாள் அவள்.

சந்தேகப்பட்டது முதலில் உள்ளே எரிகிற கூரை விளக்கை. யாராவது அணைக்காமல் விட்டிருப்பார்கள். பல்பையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அந்த விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். நான் தேடிக்கொண்டிருந்த திருடனைப் பார்த்த ஒரே சாட்சி அதுதான். அதன் கண்ணைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அப்புறம் பல நாள் திருடனைத் தேடினேன்.

மறுநாளும் 'டிக்'. அடுத்த சந்தேகம் பின் பேட்டரி மேல். ரிலே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால் பின்னால் ஓடும் விசிறி முன்னால் இருப்பதையும் சேர்த்துக் குடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பையே கழற்றி, தனித்தனியாக விட்டுப் பார்த்தேன். சரியான சோதனை அது, இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு. காலையில் பின் பேட்டரி விசிறி ஓடிய பிறகும் தெம்பாக இருந்தது. யாரோடும் சேராமல் தனியாக இருந்த முன் பேட்டரி செத்துக் கிடந்தது. ஆக, பின்னது நிரபராதி. குடிக்கிறவன் முன்னாலேயே இருக்கிறான்.

"நான் அப்பமே சொன்னேன்" என்றார் அத்தை. "மூத்தது சரியில்லைன்னா எளையதக் குத்தம் சொல்லி என்ன செய்ய." (அத்தைக்கு மூத்த மாப்பிள்ளை யாரும் கிடையாது. நான் ஒருவன்தான்.)

இனி மீட்டரை வைக்க வேண்டும். முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரைப் போட்டால் எவ்வளவு கரண்ட் போகிறது என்று தெரியும். அப்புறம் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தில் கோளாறு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் மீட்டரை மாட்டும்போதே வண்டி முழித்துவிடும். அது மறுபடி தூங்கும் வரை ஒன்றையும் தொடாமல், கதவைத் திறக்காமல், காத்திருக்க வேண்டும்.

நான் பானெட்டுக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, இம்புட்டு நேரமா அங்கனயே உக்காந்திருக்கீக?" என்று சத்தமாகக் கேட்டபடி வந்தார் பேச்சியக்கா. பக்கத்து வீடு. கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

நான் உதட்டில் விரலை வைத்தேன். "மெதுவாக்கா. வண்டி தூங்கணும்."

சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அப்படி ஒரு பயம் வந்துவிடுகிறது. பேச்சியக்கா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனார். அவ்வளவு மரியாதையாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாசல் வழியாகப் போகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஆட்டு மந்தையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, "கூட்டிட்டுப் போலாமா, இல்ல தொரை முழிச்சிருமா?" என்று அனுமதி கேட்டார்.

வண்டி தூங்கவில்லை. மீட்டர் இறங்கவே இல்லை. வண்டிக்கு முன்னால் நான்தான் தூங்கிப்போனேன்.

விழித்ததும் கடுப்பில் பின்பக்கம் போய், ரிலேயை ஒரு தட்டுத் தட்டலாம் என்று கதவைத் திறந்தேன். மடித்த அட்டைத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. பட்டாசுப் பெட்டி அட்டை. எங்கள் பக்கத்தில் அட்டை கிடக்காத இடமே கிடையாது, வீட்டுக்குள்ளேயே கிடக்கும். காலால் தள்ளிவிட்டு, ரிலேயைத் தட்டி, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மீட்டர் சரசரவென்று இறங்கி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் நின்றது. வண்டி தூங்கிவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ரிலேதான்" என்று வீட்டுக்குள் போய் அறிவித்தேன். அத்தை அன்று பாயசம் வைத்தார்.

மறுநாள் காலை 'டிக்'.

இப்படியே நடந்தது. ஒரு நாள் பாட்டுப் பெட்டிதான் காரணம் என்று கண்டுபிடித்தேன், இன்னொரு நாள் ஹாரன் ஒயர். ஒவ்வொரு தடவையும் பின் கதவைத் திறந்து மூடியதும் வண்டி தூங்கும். ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டைத் துண்டு விழும். ஒவ்வொரு தடவையும் அதைக் காலால் தள்ளுவேன். பாயசம் நின்றுபோனது. "மாப்பிள்ளைக்கு ராவுக்குத் தூக்கம் இல்ல, வண்டிக்கும் இல்ல. பொருத்தம் பாத்துத்தான் வாங்கிருக்காரு" என்று பேச்சியக்கா சொன்னது என் காதில் விழும்படியாகவே சொல்லப்பட்டது.

மாமா மட்டும் கேலி பேசவில்லை. ஒரு முறை பக்கத்தில் வந்து நின்று, "அந்தக் கைப்பிடி" என்று ஆரம்பித்தார். "மாமா, முதல்ல பேட்டரி. கைப்பிடியெல்லாம் சின்ன வேலை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் சந்தேகம் ரிலே, அந்தத் தடித்த கேபிள் இரண்டின் மேலும் சேர்ந்து விழுந்தது. இரண்டையும் கழற்றி, கேபிளுக்குப் புது முனை போட்டு வைக்கும்படி சாத்தூரில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் நன்றாக ஓட்டி முன் பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றினேன். வேப்பமரத்தடியில் நிறுத்தி, முன் கதவுகளைச் சாவியால் பூட்டி, கடைசிச் சோதனையை அறிவித்தேன். நாளைச் சாயங்காலம் வரை முன்பக்கம் யாரும் போகக் கூடாது, பானெட்டைத் தொடக் கூடாது, நான் உட்பட. முத்து பின்னால் படுத்துக்கொள்ளலாம், அது தனி பேட்டரி.

"காலையில ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருங்க" என்றாள் முத்து. "எனக்கு இடுப்பு ஒரு மாதிரியா இருக்கு."

"பாக்கக் கூடாதுங்கிறதுதான் சோதனையே" என்றேன்.

மறுநாள் மத்தியானம். கரண்ட் போனது. முத்து வேனில் ஏறிப் படுத்தாள். அத்தை கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், மாமா அப்போதுதான் எங்கேயோ வெளியே கிளம்பினார். நான் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். வேப்பம்பூ வாசம், விசிறிச் சத்தம். கனவில் வேன் கடற்கரையில் நின்றது. அதன் வயிறு ஏறி இறங்கியது, மூச்சு விட்டது. கடைசியில் அது தூங்கிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அலை வந்து அதன் டயரை நனைத்துவிட்டுப் போனது.

யாரோ தோளைத் தொட்டார்கள். "என்னங்க. எந்திரிங்க."

கனவில் நான் உதட்டில் விரலை வைத்தேன். நனவிலும் வைத்திருக்கிறேன். "சத்தம் போடாத. வண்டி தூங்குது" என்றேன்.

"உங்க வண்டியில தீய வைக்க" என்றது குரல். "பனிக்குடம் ஒடஞ்சிருச்சு."

கண்ணைத் திறந்தேன். முத்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

சாவியைத் தேடினேன், இருந்தது. செருப்பைத் தேடினேன், அது வேண்டாம் என்று ஓடினேன். முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, எல்லாச் சாமியையும் கும்பிட்டு சாவியைத் திருகினேன்.

'டிக்.'

கட்டிலுக்கு அடியில் நல்ல சார்ஜோடு ஒரு பேட்டரி இருந்தது. அதை முன்னால் இருப்பதோடு இணைக்கும் கேபிள் சாத்தூர்க் கடையில் இருந்தது. நாங்கள் போக வேண்டிய ஆஸ்பத்திரியும் அதே சாத்தூரில்தான் இருந்தது. கேபிள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பின் பேட்டரியைக் கழற்றி முன்னால் கொண்டுவரப் பார்த்தேன். அவசரத்தில் ஸ்பேனர் நட்டில் நிற்கவில்லை. அத்தை ஓடி வந்து ஒரு கையில் முத்துவைப் பிடித்துக்கொண்டு மறுகையில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். நான் திருப்பி அனுப்பிய கார்க்காரர், நான் சொன்னபடியே வேறு சவாரி போயிருந்தார். முத்து என்னைத் திட்டக்கூட இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்போது கம்பெனி பஸ் வந்தது. வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் போகிற பஸ், எப்போதும் அந்த நேரத்தில் வருகிறதுதான். படியில் நின்ற பேச்சியக்கா எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏலே டிரைவரு, நிப்பாட்டுலே. ஏத்தா முத்து, வலி வந்துருச்சா? வா, ஏறு. மெல்ல, மெல்ல."

பெண்கள் இறங்கி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முகம் கழுவிவிட்டுத்தான் கிளம்புவார்கள் என்றாலும், வெடிமருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி காதோரத்திலும் புருவத்திலும் நகக்கண்ணிலும் போகாது. சாய்ந்த வெயிலில் எல்லோர் முகத்திலும் வெள்ளி மினுங்கியது. அந்த வெள்ளிக் கைகள் அவளைத் தாங்கி ஏற்றி, நீள சீட்டில் படுக்க வைத்து, சேலைத் தலைப்பால் விசிறின. இன்றைக்கும் அதை நினைத்தால் நான் விழித்திருந்து பார்த்ததுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். அத்தையும் ஏறிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

நான் சாலையில் நின்றேன். கையில் ஸ்பேனர். என்னை ஏற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

புழுதி அடங்குவதற்குள் மாமா மொபெட்டில் வந்துவிட்டார். எதிரே வந்த பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். "ஏறுங்க மாப்பிள்ளை" என்றார். ஏறினேன்.

"நல்லவேளை மாப்பிள்ளை, கெளம்புறதுக்கு முன்னால அட்டை வச்சிட்டுப் போனேன்" என்றார் மாமா.

"என்ன அட்டை?"

"பின் கதவுலதான். புள்ள உள்ள படுத்ததும் அட்டைய மடிச்சுக் கொடுத்துருவேன். பாக்கச் சாத்துனாப்புல இருக்கும், பூட்டு விழாது. காலால எத்துனா தொறந்துக்கிடும். அவ எறங்குன பெறகும் மறக்காம வச்சிருவேன். பூட்டு விழுந்த கதவு வாசல்ல நின்னா எனக்குத் தூக்கம் வராது. நீங்க வேற அடிக்கடி தூக்கிப் போட்டுருதீக. நானும் சலிக்காம வச்சுக்கிட்டு வந்தேன்."

எனக்குப் புரிய மொபெட் ஒரு வளைவு திரும்பும் நேரம் ஆனது. பூட்டு விழாத கதவு. வண்டியின் கணக்கில் அது திறந்த கதவு. யாரோ ஏறப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க ஒரு பெட்டியும் தூங்காமல் முழித்திருந்திருக்கிறது. ரிலே, பாட்டுப் பெட்டி, ஹாரன், பாவம், ஒன்றும் செய்யவில்லை.

"மாமா" என்று வாயெடுத்தேன். உங்களால்தான் என்று சொல்ல வந்தேன்.

"அவ உள்ள இருந்து கூப்பிட்டிருக்கா மாப்பிள்ளை. உங்களுக்குக் கேக்கல. நீங்க தூக்கம். கதவு மட்டும் பூட்டிருந்தா..." மொபெட் கொஞ்சம் மெதுவானது. "கம்பெனியில ஒரு தடவ ஒரு கதவு தொறக்கல. மூட்டைய அண்டக் கொடுத்து வச்சிருந்தாக. வெளிய நாங்க எம்புட்டோ பேரு நின்னோம். நின்னு என்ன செய்ய."

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, அப்புறமும் எப்போதும் சொன்னதில்லை. "வெளிய நாமதான இருக்கோம்" என்று முதல் நாள் நான் சொன்னது என் காதில் கேட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் முழுக்க இறங்கியிருக்கவில்லை. வராந்தாவில் பேச்சியக்காவும் இன்னும் சில பெண்களும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளே போனேன். முத்துவின் கன்னத்தில் விரல் தடமாக ஒரு வெள்ளிக் கீற்று. அரைக்கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"வண்டி எந்திரிச்சிருச்சா?"

மறுநாள் கைப்பிடியை மாட்டினேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேட்டரி ஒரு நாளும் இறங்கியதில்லை.

மாமாவுக்கும் எனக்கும் இன்றைக்கு வரை இதில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டை இல்லாமல் இருந்திருந்தால் பேட்டரி இறங்கியிருக்காது, நம்ம வண்டியிலேயே போயிருப்போம் என்பேன் நான். அட்டை இல்லாமல் இருந்திருந்தால் அவள் இறங்கியே இருக்க முடியாது, வண்டிக்குள்ளேயே பேத்தி பிறந்திருப்பாள், மாப்பிள்ளை கனவு முடிந்து எழுந்து வந்து பார்த்திருப்பார் என்பார் அவர். அத்தை எப்போதும் மாமா பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார். முத்து தீர்ப்புச் சொல்வதில்லை. உதட்டில் விரலை மட்டும் வைப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டில் யார் மத்தியானம் கண் அசந்தாலும் இப்போது ஒரே வசனம்தான். போன வாரம் கேஸ் சிலிண்டர்காரர் வந்து கதவைத் தட்டியபோது என் மகள்தான் போய்த் திறந்திருக்கிறாள். "அப்பா இருக்காரா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "சத்தம் போடாதீக, வண்டி தூங்குது" என்றிருக்கிறாள். அவர் வாசலில் நின்ற வேனைச் சுற்றி மெல்ல நடந்து, சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அறைக் கதவு முழுக்கச் சாத்தியிருந்தால் தூக்கம் வராது. விரல் நுழைகிற அளவு திறந்திருக்க வேண்டும். அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, ஒரு பட்டாசுப் பெட்டி அட்டையை மடித்து இடுக்கில் கொடுக்க வேண்டும். கீழே விழுந்தால் திரும்ப வைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. வைத்துவிட்டு, உள்ளே இருந்து திறக்கிறதா என்று நான் ஒரு தடவை தள்ளிப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் எனக்கும் தூக்கம் வரும்.